டீன் காமெடி சண்டைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்பதுகளின் அமெரிக்க டீன் காமெடிகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடும் நண்பர்களுக்கும், அவற்றின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் சண்டையை வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது அந்தப் படங்களின் பெரிய பெயரான இயக்குநர் ஜான் ஹியூஸ் பெயரை எடுத்தால் போதும், தொடங்கிவிடுகிறீர்கள். ஒரு தரப்பு, "கூல் என்றால் அந்தப் படங்கள்தான், இப்போது வருவதெல்லாம் ஒரு படமா?" என்கிறது. மறு தரப்பு, "அவை எந்தக் காலத்தில் கூலாக இருந்தன? ஹேர்ஸ்பிரேயும் ஷோல்டர் பேடும்தான் மிச்சம்" என்கிறது. நடுவில் ஒரு சமாதானக் கட்சி வந்து, "அன்றைக்குக் கூல், இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்" என்று பஞ்சாயத்தை முடித்து வைத்துவிட்டுப் போகிறது. எனக்கு மூன்று பேருடனும் தகராறு இருக்கிறது. அதிகம் இருப்பது அந்தச் சமாதானக் கட்சியுடன்.

நான் சொல்லவருவது இதுதான். அந்தப் படங்களில் உருப்படியானவை எவையும் வெளிவந்த நாளிலேயே கூல் கிடையாது. பள்ளியில் யாரும் சட்டை செய்யாத பிள்ளைகளைப் பற்றி, தாங்களும் அப்படி இருந்தவர்கள் எடுத்த படங்கள் அவை. கூலாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட இடங்களில்தான் அவை சறுக்கி விழுந்தன.

முதலில் ஹியூஸையே எடுத்துக்கொள்வோம். 1950-இல் பிறந்தவர். சிகாகோவில் லியோ பர்னெட் போன்ற விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதிப் பிழைத்தவர், அப்புறம் 'நேஷனல் லாம்பூன்' பத்திரிகையில் நகைச்சுவை எழுதினார். 1984-இல் அவர் எழுதி இயக்கிய 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' வந்தபோது அவருக்கு வயது 34, கல்யாணமாகி இரண்டு பையன்கள். அவருடைய கதைகள் நடக்கும் ஷெர்மர் என்ற ஊர் வரைபடத்தில் இல்லை. அவர் படித்து வளர்ந்த நார்த்புரூக் என்ற சிகாகோ புறநகருக்கு ஒரு காலத்தில் ஷெர்மர்வில் என்று பெயர். அதை நறுக்கி வைத்துக்கொண்டார். நியூயார்க் கிளப்புகளோ லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரையோ அல்ல, புல் வெட்டும் இயந்திரச் சத்தம் கேட்கும் புறநகர்த் தெருதான் அவருடைய உலகம். அந்த உலகத்தை யாரும் அன்றைக்குக் கூல் என்று சொன்னதில்லை.

"பாட்டுகள் கூல்தானே?" என்று கேட்பீர்கள். கூல்தான். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். சிம்பிள் மைண்ட்ஸ் இசைக்குழு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர்கள். சைக்கடெலிக் ஃபர்ஸ் லண்டன். ஓஎம்டி லிவர்பூலுக்கு எதிர்க்கரைப் பக்கம். இந்தப் படங்கள் தங்களிடம் இல்லாத கெத்தை பிரிட்டனிலிருந்து இறக்குமதி செய்துகொண்டன. இறக்குமதியும் சுலபமாக நடக்கவில்லை. ஹியூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்துக்காக கீத் ஃபோர்சியும் ஸ்டீவ் ஷிஃபும் எழுதிய பாட்டைப் பாடுவதற்கு பிரையன் ஃபெர்ரி மறுத்தார், பில்லி ஐடல் மறுத்தார். சிம்பிள் மைண்ட்ஸும் முதலில் மாட்டேன் என்றார்கள். வேறு யாரோ எழுதிய பாட்டை, அதுவும் ஒரு ஹைஸ்கூல் படத்துக்காக, நாங்கள் ஏன் பாட வேண்டும் என்ற தயக்கம். கடைசியில் அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். பாட்டின் முடிவில் வரி எழுதாமல் விட்டிருந்த இடத்தைக் குழுவின் பாடகர் ஜிம் கெர் "லா லா லா" போட்டு நிரப்பினார். 1985 மே மாதம் அது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. ஒரு கூலான இசைக்குழு, நம் பெயர் கெட்டுவிடுமோ என்று இந்தப் படத்தைப் பார்த்துத் தயங்கியது என்றால், படம் அன்றைக்கு எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நடிகர்களின் நிலையும் அப்படித்தான். 1985 ஜூனில் 'நியூயார்க்' பத்திரிகையில் டேவிட் ப்ளம் ஒரு கட்டுரை எழுதி, இந்த இளம் நடிகர்களுக்கு 'பிராட் பேக்' என்று பெயர் வைத்தார். படிப்பவர்களுக்கு அது வேடிக்கை, அவர்களுக்கு அது முத்திரை. பொறுப்பில்லாத, பெரிதாகத் திறமையும் இல்லாத விடலைக் கூட்டம் என்ற முத்திரை. அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ மெக்கார்த்தி அந்தக் காயத்தைப் பற்றியே 2024-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார் என்றால் பாருங்கள், ஏறக்குறைய நாற்பது வருடம் ஆறாத காயம்.

அந்தக் காலத்தில் நிஜமாகவே கூலாக ஒரு படம் வேண்டுமென்றால் 'ஹெதர்ஸ்' இருந்தது. 1989. வினோனா ரைடர், கறுப்பு நகைச்சுவை, ஹியூஸ் பாணி இனிப்பைக் கழுவித் துடைத்த திரைக்கதை. தியேட்டரில் யார் போய்ப் பார்த்தார்கள்? பத்து லட்சம் டாலரைக் கொஞ்சம் தாண்டியதோடு ஓட்டம் முடிந்தது. அதற்கு ரசிகர் கூட்டம் சேர்ந்ததெல்லாம் பின்னால், வீடியோ கேசட்டில். மறுபக்கம் 1982-இல் அமெரிக்காவில் வெளியான 'போர்க்கீஸ்' பெண்கள் குளியலறைச் சுவரில் ஓட்டை போட்டு எட்டிப் பார்க்கும் காட்சியை வைத்து 10 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. அதைக் கூல் என்று அதன் ரசிகர்களே சொல்லமாட்டார்கள். கல்லாவும் கூலும் அன்றைக்கே தனித்தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தன.

நம் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் உட்கார்ந்து இதைப் பற்றி வாதாடும் நம்மில் அனேகம் பேர் இந்தப் படங்களை 1985-இல் பார்த்தவர்கள் இல்லை. கேபிள் டிவி, அப்புறம் டிவிடி, அப்புறம் டோரண்ட் என்று வந்து சேர்ந்தவர்கள். லாக்கர் வைத்த பள்ளி, ப்ராம் என்ற பள்ளி நடன விருந்து, பதினாறு வயதில் கார் எல்லாம் நமக்கு வேற்றுக்கிரகம். 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' கதையே, சனிக்கிழமை பள்ளிக்கு வரச்சொல்லித் தண்டிக்கிறார்கள் என்பதுதான். நம்மூரில் சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைப்பது தண்டனையே இல்லை, வழக்கம். ஆகவே "அன்றைக்கு அது எவ்வளவு கூல் தெரியுமா" என்று நாம் சொல்லும் அந்த 'அன்றைக்கு' நம்முடையதல்ல. அது ஒரு வகையில் வசதி. இளமைக்கால ஞாபகம் என்ற மூட்டை இல்லாமல் படத்தைப் படமாகப் பார்க்கலாம். ஆனால் நாம் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. அமெரிக்கர்களின் ஏக்கத்தைக் கடன் வாங்கி, அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, படமாகவே பார்ப்போம். 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' சுமார் பத்து லட்சம் டாலரில் எடுத்த படம். இல்லினாய் மாநிலத்தில் 1981-இல் மூடிவிட்ட மெய்ன் நார்த் ஹைஸ்கூல் சும்மா கிடந்தது. அங்கே போய், இருக்கிற நூலகம் சிறிதாக இருந்ததால், உடற்பயிற்சிக் கூடத்துக்குள் பெரிய நூலகம் ஒன்றைச் செட் போட்டு எடுத்தார்கள். ஐந்து பிள்ளைகள், ஒரு துணை முதல்வர், ஒரு துப்புரவுப் பணியாளர். கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவரை ஒருவர் குதறுகிறார்கள், பிறகு மறுபடியும் பேசுகிறார்கள். படிப்பில் கெட்டிக்காரன் பிரையன், கைவேலைப் பாடத்தில் செய்த யானை விளக்கு எரியாமல் ஃபெயில் ஆனதால், லாக்கரில் ஃபிளேர் துப்பாக்கி (ஆபத்தில் ஒளிச் சைகை காட்டச் சுடுவது) கொண்டுவந்து வைத்தவன் என்று தெரியவரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் சிரிப்பு வருகிறது. அவர்களுக்கும் வருகிறது. அவன் எதற்காக அதைக் கொண்டுவந்தான் என்பது மெல்ல உறைக்கும்போது நம் சிரிப்பு நின்றுவிடுகிறது. மதிப்பெண்ணுக்காகச் சாகத் துணிந்த பிள்ளையைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லாக்கர் தெரியாத ஊரிலும் பிரையனைத் தெரியும்.

அந்தக் காட்சியில் எங்கே கூல் இருக்கிறது? எங்கும் இல்லை. அந்தோணி மைக்கேல் ஹால் அழுது மூக்கை உறிஞ்சுகிறார், அவ்வளவுதான்.

அதே படம் கூலாக ஆசைப்பட்ட இடத்தையும் பாருங்கள். யாரோடும் ஒட்டாத, பொடுகைத் தட்டித் தன் ஓவியத்துக்குப் பனி பெய்யவைக்கும் ஆலிசனை, கடைசி அரை மணியில் கிளேர் உட்காரவைத்துத் தலைவாரி, ரிப்பன் கட்டி, கண்மையை வழித்தெடுத்து ஓர் அழகுப் பதுமையாக்கிவிடுகிறாள். உடனே விளையாட்டு வீரனுக்கு அவள் மீது காதல் வருகிறது. ஒன்றரை மணி நேரம் படம் கட்டியதை அந்த ரிப்பன் அவிழ்த்துவிடுகிறது. ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு இந்த இடம் பிடிக்காது, எனக்குத் தெரியும். இதை ஒப்புக்கொள்கிற நீங்கள், அடுத்து நான் சொல்வதற்கு மட்டும் கோபப்படாதீர்கள்.

ரசிகத் தரப்பாரே, 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் பதுங்குகிறீர்கள். அதில் ஜேக் ரயன் என்ற கனவு நாயகன், போதையில் நினைவில்லாமல் கிடக்கும் தன் காதலி கேரலினை, தன் அப்பாவின் காரோடு சேர்த்து, இன்னொரு பையனிடம் ஒப்படைத்து அனுப்புகிறான். மறுநாள் காலை இருவருக்கும் என்ன நடந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. படம் அதை ஒரு ஜோக்காகவே கடந்துபோகிறது. லாங் டக் டாங் என்ற ஆசிய மாணவன் திரையில் தலைகாட்டும்போதெல்லாம் பின்னணியில் ஒரு காங் (பெரிய வெண்கலத் தட்டு) அடிக்கிறது. அதில் நடித்த கெடி வாட்டனாபே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர், அந்த உச்சரிப்பை வரவழைத்துப் பேசினார். (நம்மவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். 1986-இல் 'ஷார்ட் சர்க்யூட்' படத்தில் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் பழுப்பு பூசிக்கொண்டு இந்திய எஞ்சினியராக வந்தார்.) 'ரிவெஞ்ச் ஆஃப் தி நெர்ட்ஸ்' படத்தில் முகமூடி போட்டுக்கொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஒரு பெண்ணுடன் படுப்பவனுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை, அவளே காதலியாகக் கிடைக்கிறாள்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் உடனே வருகிற பதில், "அந்தக் காலம் அப்படி." சமாதானக் கட்சியும் இந்த இடத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறது. இதற்காகத்தான் இந்த மடலையே எழுதினேன்.

அந்தக் காலம் அப்படி இல்லை. 1982 ஆகஸ்டில், அதாவது 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால், 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' வந்துவிட்டது. கேமரன் க்ரோ தன் 22 வயதில் கலிஃபோர்னியாவில் ஒரு ஹைஸ்கூலுக்குள் மாணவன் போலப் போய் இருந்து எழுதிய புத்தகத்தை வைத்து, எமி ஹெக்கர்லிங் என்ற 28 வயதுப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஷான் பென்னும் அவருடைய கட்டம் போட்ட ஷூவும்தான். எனக்கு ஞாபகம் இருப்பது ஜெனிஃபர் ஜேசன் லீ நடித்த ஸ்டேசி. பதினைந்து வயது. தன்னைவிட மூத்த ஒருவனோடு பேஸ்பால் மைதானத்துக் கொட்டகைக்குப் போகிறாள். முதல் அனுபவம். கேமரா அவள் உடம்பைப் பார்ப்பதைவிட, அவள் கண் வழியாக மேலே கூரையில் யாரோ கிறுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறது. அவளுக்கு அங்கே என்ன தெரிந்ததோ அது நமக்கும் தெரிகிறது. அந்த வருடத்து டீன் காமெடி ஒன்றில் இப்படி ஒரு ஷாட்!

அப்புறம் டமோன் என்ற வேறொருவனால் கர்ப்பம். கலைப்பதற்கு 150 டாலர். பாதிப் பணமும் கூட்டிப்போகக் காரும் தருவதாகச் சொன்ன டமோன் வரவில்லை. அவள் அண்ணன் பிராடிடம் பவுலிங் விளையாடப் போவதாகப் பொய் சொல்லி இறக்கிவிடச் சொல்கிறாள். அவன் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, அவள் சாலையைத் தாண்டி எதிரே இருக்கும் கிளினிக்குக்குள் போவது தெரிகிறது. அவள் வெளியே வரும்போது அண்ணன் காரோடு நிற்கிறான். யார் என்று கேட்கிறான், அவள் சொல்லவில்லை, விட்டுவிடுகிறான். அறிவுரை இல்லை, அழுகை இசை இல்லை. சாப்பிட ஏதாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்கிற அளவில் காட்சி முடிகிறது. கூடப்பிறந்தவர்களைப் பற்றி அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் எடுத்த நல்ல காட்சிகளில் ஒன்று, ஒரு 'டைம் பாஸ்' காமெடிக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' நாயகியும் 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' கிளேருமான மாலி ரிங்வால்ட் 2018-இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். தன் மகளோடு உட்கார்ந்து 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' பார்த்த பிறகு எழுதியது. மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பெண்டர் என்ற முரட்டுப் பையன் கிளேரின் பாவாடைக்குள் எட்டிப் பார்க்கும் காட்சி எப்படித் தன்னை உறுத்துகிறது என்று எழுதுகிறார். அதே கட்டுரையில் ஒரு தகவல். ஒரு பெண் உடற்பயிற்சி ஆசிரியை நீச்சல் குளத்தில் ஆடையில்லாமல் நீந்துவதும், துணை முதல்வர் வெர்னன் அதை ஒளிந்து பார்ப்பதுமாக ஒரு காட்சி திரைக்கதையில் இருந்திருக்கிறது. ரிங்வால்ட் அதை நீக்கச் சொல்லி ஹியூஸிடம் மன்றாடினார், அவர் நீக்கினார். அப்போது ரிங்வால்ட்டுக்கு வயது பதினாறு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு 1984-இலேயே தெரிந்தது, பெரியவர்களுக்குக் காலம் கடந்துதான் புரிந்தது என்று நாம் சொல்வது யாரைக் காப்பாற்ற? ஹியூஸே சொன்னால் கேட்டுக்கொண்டார் என்பதையும் அவர் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ரிங்வால்ட் அந்தப் படங்களைத் தூக்கி எறியவும் இல்லை. அவற்றைப் பார்த்து, தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர் தன்னிடம் வந்து சொன்னார்கள் என்பதையும் அதே கட்டுரையில் எழுதுகிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு நிற்க அவரால் முடிகிறது. வெறும் ரசிகர்களான நமக்கு ஏன் முடியவில்லை?

இனி எதிர்த்தரப்பாருக்கு. சுருக்கமாகத்தான், உங்களோடு எனக்குச் சண்டை குறைவு.

நீங்கள் எடுத்த எடுப்பிலேயே 'ஃபெரிஸ் புல்லர்ஸ் டே ஆஃப்' படத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் அடிக்கிறீர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை, பொய் சொல்லி லீவு போட்டு, ஊரையே ஏமாற்றி, எந்த விலையும் கொடுக்காமல் வீடு திரும்புகிறான், இவனை ஏன் கொண்டாட வேண்டும் என்கிறீர்கள். எனக்கும் ஃபெரிஸைப் பிடிக்காது. ஹியூஸின் ஹைஸ்கூல் நாயகர்களில் நிஜமாகவே கூலாக இருப்பவன் அவன் ஒருவன்தான், அதனாலேயே அவனுக்குள் நடப்பதற்கு ஒன்றுமில்லை. படத்துக்கு மனசாட்சி வேண்டியிருந்தபோது ஹியூஸ் ஃபெரிஸின் நண்பன் கேமரன் பக்கம் போனார். (பதினேழு வயது கேமரனாக நடித்த ஆலன் ரக்குக்கு அப்போது 29. அது வேறு கதை.) சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில், புள்ளிகளாலேயே வரைந்த பிரெஞ்சு ஓவியர் சுராவின் ஞாயிற்றுக்கிழமை ஓவியத்துக்கு முன்னால் கேமரன் நிற்கிறான். நடுவில் இருக்கும் குழந்தையின் முகத்தை நோக்கிக் கேமரா நெருங்க நெருங்க, முகம் மறைந்து வெறும் புள்ளிகளாகிறது. வசனம் கிடையாது. பிறகு அப்பாவின் ஃபெராரியை அவன் எட்டி எட்டி உதைக்கிறான், கார் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுகிறது. உதைபட்டது காரா அப்பாவா என்று கேட்கத் தேவையில்லை. ஃபெரிஸைத் திட்டுங்கள், தாராளமாக. ஆனால் கேமரனைப் பார்க்காமல் திட்டாதீர்கள்.

அதே படத்தில் பொருளாதார ஆசிரியராக பென் ஸ்டைன் வந்து, ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரிச் சட்டத்தைப் பற்றி உணர்ச்சியே இல்லாத குரலில் பாடம் நடத்துவார், வகுப்பு தூங்கி வழியும். அந்தப் பேச்சை அவர் எழுதி வைத்துப் படிக்கவில்லை, சொந்தமாகவே பேசினார். இப்போது அமெரிக்க இறக்குமதி வரி பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்குத் தூங்காமல் கேட்டிருக்கலாம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'ஃபாஸ்ட் டைம்ஸ்' 2005-இல் சேர்ந்தது, 'ஃபெரிஸ்' 2014-இல், 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' 2016-இல். அதில் இடம் பெறுவதற்குப் பண்பாடு, வரலாறு, அழகியல் என்று அளவுகோல்கள் உண்டு, கூல் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்களும் அந்தக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சிரிப்பு யார் செலவில் நடக்கிறது என்று ஒவ்வொரு படமாகக் கேட்டுப் பார்க்கலாம். பிரையனின் யானை விளக்குக்குச் சிரித்தவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். கேரலினைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொடுப்பதில்லை. ஒரே ஆள் எழுதிய இரண்டு படங்கள், இடையில் ஒரு வருடம்கூட இல்லை.

அடுத்த முறை நீங்கள் கூடி உட்காரும்போது 'ஃபாஸ்ட் டைம்ஸ்' முதலில் ஓடட்டும், அதன் பிறகு 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்'. வரிசையை மாற்ற வேண்டாம். பார்த்து முடித்த பிறகு யாராவது "அந்தக் காலம் அப்படி" என்று சொன்னால், எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்

பி.கு.: ஹியூஸ் எழுதிய 'பிரிட்டி இன் பிங்க்' பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நாயகி ஆண்டி கடைசியில் நண்பன் டக்கியோடு சேர்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். வெளியீட்டுக்கு முன் சோதனைக் காட்சி பார்த்தவர்கள் அதை ஏற்கவில்லை, ப்ராம் காட்சியைத் திரும்ப எடுத்து பிளேன் என்ற பணக்காரப் பையனோடு சேர்த்துவைத்தார்கள். அதற்குள் பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி ஒரு நாடகத்துக்காக மொட்டை அடித்திருந்ததால், கடைசிக் காட்சியில் அவர் தலையில் இருப்பது விக். உற்றுப் பார்த்தால் தெரியும். ஹியூஸ் மனம் ஆறாமல், அடுத்த வருடமே 'சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்' எழுதி, ஆண் பெண் இடம் மாற்றி, நட்பையே ஜெயிக்கவைத்தார். டக்கிக்காக இன்றுவரை கண்ணீர் விடுபவர்களிடம் ஒன்றே ஒன்று. இத்தனை நாள் கூடவே சுற்றினேன், ஆகவே எனக்குக் கிடைக்க வேண்டும் என்பவன் காதலன் இல்லை, கடன்காரன். சோதனைக் காட்சி பார்த்த கூட்டம் சொன்னது சரி என்பது என் கட்சி. திட்டி எழுதுபவர்கள் தாராளமாக எழுதலாம், பதில் போடுவேன்.